தானாக எழுந்திருக்கும் இன்ஜின்

குளிர்காலத்தில் எங்கள் தெருவில் யாரும் தாழ்ந்த குரலில் பேசியதில்லை. பேசினால் காதில் விழாது. நவம்பர் கடைசியில் எங்களுக்கும் கனடாவுக்கும் நடுவே ஓடும் ஆறு உறையத் தொடங்கினால், ஏப்ரலில் பனி உடைந்து தண்ணீர் ஓடும்வரை, ரயில் யார்டில் இன்ஜின்கள் ராப்பகலாக நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். காருக்கு ஊற்றுகிற உறையாத மருந்தை ரயில் இன்ஜினுக்கு ஊற்றுவதில்லை. வெறும் தண்ணீர், துருப்பிடிக்காமலிருக்க ஒரு பொடி, அவ்வளவுதான். நிறுத்தினால் தண்ணீர் உறையும். உறைந்தால் இரும்பு வெடிக்கும். அதனால் ஐந்து மாதம் நிறுத்துவதே இல்லை.

பக்கத்து வீட்டு ஜானீன் அலமாரியில் தட்டுக்குத் தட்டு ஒரு துணி வைத்து அடுக்குவாள். இல்லாவிட்டால் இன்ஜின் அதிர்வில் தட்டுகள் விடியவிடியக் கிணுகிணுக்கும். அவள் கணவன் ரெயால் எங்கள் லைனில் இருபத்தொன்பது வருடமாக டிரைவர். வடக்கே காட்டிலிருந்து மரக்கட்டையும், ஊர்க் கிடங்குகளிலிருந்து உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு தெற்கே போவான், காலி வண்டிகளோடு திரும்பி வருவான். எல்லாம் பழைய இன்ஜின்கள். திவாலான ஐந்து கம்பெனிகளிடம் வாங்கியவை என்பதால் ஒவ்வொன்றும் ஒரு நிறம். 502 மஞ்சள். 508 துருச் சிவப்பு. 511-க்கு உடம்பு கறுப்பு, இரண்டு கதவு மட்டும் பச்சை.

இந்த ஜனவரியில் நான்கு புது இன்ஜின்கள் வந்தன. நான்கும் ஒரே கருநீலம். ஊரே யார்டு வேலியோரம் நின்று பார்த்தது.

“புதுசா?” என்றான் ரெயால். “வயத்துல ஒட்டியிருக்கிற தகட்டைப் போய்ப் படிச்சுப் பாரு. இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தி செஞ்சது. நம்ம மிரேயைவிட நாலு வயசுதான் சின்னது.”

“என்னையும் திருப்பிப் பெயின்ட் அடிச்சா புதுசாத்தான் தெரிவேன்” என்றாள் மிரேய்.

மிரேய் ரெயாலின் செத்துப்போன அக்காவின் மகள். அவர்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். லோகோ ஷெட்டில் மெக்கானிக்; ஆனால் குளிர்காலத்துக்கு மட்டும் எடுத்த ஆள். நீல இன்ஜின்கள் இந்தக் குளிரை எங்கள் யார்டில் ஒழுங்காகத் தாண்டினால் ஷெட்டும் இருக்கும், அவளும் இருப்பாள். தாண்டாவிட்டால் இன்ஜின்களைத் தெற்கே கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்வார்கள், எங்கள் ஷெட்டுக்குப் பூட்டு. கம்பெனி இதை எழுத்தில் கொடுத்திருந்தது.

நீலங்கள் உறுமிக்கொண்டே நிற்பவை அல்ல. வேலையில்லாவிட்டால் கால் மணி நேரத்தில் தாமாக அணைந்துவிடும். தண்ணீர் ஆற ஆற ஒரு பெட்டி உள்ளே கவனித்துக்கொண்டிருக்கும். ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் மணி அடித்து, இரண்டு இருமல் இருமி, தானாக எழுந்து, தண்ணீரைச் சூடாக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். இந்தக் குளிருக்கு இரண்டு மணிக்கொரு தரம்.

முதல் வாரம் தெருவே தூங்கவில்லை, அத்தனை அமைதி. ஜானீன் தட்டுகளுக்கு நடுவிலிருந்த துணிகளை எடுத்துத் துவைத்து மடித்து வைத்தாள்.

“இத்தனை வருஷமா நான் கத்திக் கத்திப் பேசினது இன்ஜினாலதான்னு நெனச்சேன்” என்றாள்.

“இப்பத்தானே தெரியுது, அது உன் குணம்னு” என்றான் ரெயால்.

அது நடந்தது பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. மூச்சு விட்டால் மூக்குமயிர் விறைத்தது. ரெயால் காலை ஏழு மணிக்கு மரக்கட்டை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, குளித்து, பத்து மணிப் பூசைக்குப் போய் வந்து, கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்திருந்தான். ஞாயிறு மதியம் நானும் அங்கேதான் சாப்பிடுவேன். கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜானீன் கருங்கோதுமை மாவில் ப்ளோய் என்கிற சின்ன அடைகளை வார்த்துக்கொண்டிருந்தாள். ப்ளோயை ஒரு பக்கம்தான் வேகவிடுவோம்; மேலே கண் கண்ணாகத் திறந்ததும் எடுத்துவிட வேண்டும்.

“ஒடெத், வெண்ணெயை அந்தப் பக்கம் தள்ளு” என்று என்னிடம் சொன்னவள், கரண்டியை மாவிலேயே விட்டுவிட்டு நின்றாள். “ரெயால், நீ காலைல நிறுத்தினது எது?”

“நீலம். மூணாவது. மத்த மூணும் தெற்கே போயிருக்கே.”

“அது இன்னும் எழுந்திருக்கவே இல்லையே.”

“உனக்குக் கேட்டிருக்காது. வாய் ஓயணுமில்ல.”

“ஏழு மணியிலேர்ந்து நான் தனியாதான் உருளைக்கிழங்கு உரிச்சேன். யார்கூடப் பேசினேன்? இப்ப மணி ஒண்ணரை. மூணு தடவையாவது எழுந்திருக்கணும். ஒரு தட்டுகூட ஆடலை.”

“ஞாயித்துக்கிழமை. அதுவும் ஓய்வெடுக்குது போல” என்று சிரித்தான் ரெயால். ப்ளோயில் வெண்ணெய் தடவிச் சுருட்டினான்.

மிரேய் சிரிக்கவில்லை. முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“மாமா, நிறுத்தினதும் நேரா இறங்கி வந்துட்டியா?”

“கைப்பிரேக்கை இறுக்கினேன். கண்டக்டர் பையன் ஆபீசுக்குப் போயிட்டான். நான் உள்ளேயே உக்காந்து காகிதம் எழுதினேன். அப்பறம் அதுவா அணைஞ்சுது. அப்பறம்…”

அவன் கை வெண்ணெய்க்கத்தியோடு அந்தரத்தில் நின்றது. அந்தக் கையையே பார்த்தான். சுருட்டிய ப்ளோய் தட்டில் தானாகப் பிரிந்தது.

“அப்பறம் என்ன?” என்றாள் ஜானீன்.

“கத்தியை இழுத்தேனா?” என்றான், யாரிடமும் இல்லாமல்.

கத்தி என்பது பேட்டரியின் செம்பு சுவிட்ச். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் அலமாரிக்குள் இருக்கும், கையளவு பிடி வைத்தது. பழைய இன்ஜினில், இன்ஜின் நின்றால் முதல் வேலை அதை இழுத்துத் துண்டிப்பது. இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும். சத்தம் நின்றால் கை தானாக அங்கே போகும். இருபத்தொன்பது வருடம் போய்ப் பழகிய கை. நீலம் அணைவதற்கு முன்பே அவன் எப்போதும் இறங்கிவிடுவதால் இதுவரை தப்பியது. நீல இன்ஜினில் அதைத் தொடவே கூடாது. தொட்டால் உள்ளே கவனித்துக்கொண்டிருக்கும் பெட்டிக்கே கரன்ட் போய்விடும். அப்புறம் மணி அடிக்க ஆளில்லை.

ரெயாலும் மிரேயும் தொப்பியைக்கூடச் சரியாகப் போடாமல் யார்டுக்கு ஓடினார்கள். ஜானீன் அடுப்பை அணைத்தாள். கல்லில் கிடந்த ப்ளோய் ஒன்று கருகியிருந்தது.

“போன வசந்தத்துல தப்பான தடத்துல ஏத்தி, தண்டவாளம் மாத்தற சுவிட்சை உடைச்சான் பாரு” என்றாள் என்னிடம். “ரெண்டு வருஷத்துக்குள்ள இன்னொரு தப்புன்னா வேலை இல்லைன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. முப்பது வருஷ சர்வீசும் அறுபது வயசும் ஆகப் பதினாலு மாசம் இருக்கு, ஒடெத். பதினாலே மாசம்.”

“இழுத்திருக்க மாட்டான்.”

“இழுத்திருக்கான். அவன் கையை நீ பார்க்கலையா?”

யார்டில் நடந்ததை மிரேய் அப்புறம் ஒருமுறை சொன்னாள், ரெயால் ஒருமுறை சொன்னான். இரண்டும் ஒத்துப்போயின.

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. இன்ஜினுக்குக் கீழே பனி வெள்ளையாக இல்லை, ரோஜா நிறத்தில் இருந்தது. துருவுக்குப் போடும் பொடியின் நிறம். தண்ணீர் உறையும் நிலைக்குக் கிட்டே வந்தால் அடியில் ஒரு வால்வு தானாகத் திறந்து மொத்தத்தையும் கொட்டிவிடும். அதற்கு கரன்ட் தேவையில்லை. கொட்டி, தண்டவாளத்துக்கு நடுவே கண்ணாடிபோல உறைந்து கிடந்தது. எல்லாம் கொட்டியதா, எங்காவது ஒரு மூலையில் தேங்கி உறைந்து இரும்பைப் பிளந்துவிட்டதா என்பது வெளியிலிருந்து தெரியாது.

மிரேய் கீழே படுத்து வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரெயால் மேலே ஏறினான். அலமாரியைத் திறந்தான். கத்தி இழுபட்டிருந்தது.

ஒரு தள்ளு போதும். மறுபடி உள்ளே போய்விடும். பார்த்தவர் யாருமில்லை. இழுத்ததற்கு அடையாளமும் இருக்காது. ‘தானாக எழுந்திருக்கவில்லை, மிஷின் கோளாறு’ என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

“கையை அதுமேல வெச்சேன்” என்று பிறகு ஜானீனிடம் சொன்னான். “ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கிற நேரம் வெச்சிருந்தேன். சொல்லவும் செஞ்சேன்.”

பிறகு கையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

“மிரேய்! மேல வா. எதையும் தொடாம வந்து பாரு.”

அவள் ஏறி வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“மாமா, கீழ போய் நில்லு. நான் எதையும் பார்க்கலை.”

“பார்த்துட்ட.”

“மிஷின்மேல போடலாம் மாமா. மிஷினுக்கு என்ன பென்ஷனா இருக்கு?”

“மிஷின்மேல போட்டா யார்மேல வரும்? அந்தப் பெட்டியைப் போன திங்கக்கிழமை சோதிச்சுக் கையெழுத்துப் போட்டது யாரு?”

“எனக்கு முப்பத்திரண்டு வயசு. வேற ஷெட்டு பாத்துப்பேன்.”

“எந்த ஷெட்டு? ஆத்தைத் தாண்டிக் கனடாவுக்கா? உங்கம்மா மேலேர்ந்து என்னைப் பாத்துட்டிருப்பா, மிரேய். அவ உயிரோட இருக்கும்போதே என்னைச் சும்மா விட்டதில்லை.”

ஷெட்டுக்கு நடந்தே போய், கையுறையைப் பல்லால் கழற்றி, தெற்கே சூப்பரின்டென்டென்ட் ஹாஸ்கெலுக்குப் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மிஸ்டர் ஹாஸ்கெல், மூணாவது நீலம் தண்ணியக் கொட்டிடுச்சு. பேட்டரிக் கத்தியை நான்தான் இழுத்தேன். பெட்டிமேல தப்பில்லை.”

அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது.

“நீயேவா?”

“நானேதான்.”

“வெடிச்சிருக்கா?”

“தெரியலை.”

“முதல்ல அதைப் பாருங்க. மத்ததைப் புதன்கிழமை நேர்ல வந்து பேசிக்கிறேன்.”

செத்த நீலத்தை ஷெட்டுக்குள் இழுத்துவர உயிரோடு இருந்தது 508 மட்டும்தான். மாற்றுக்கென்று ஒதுக்கி, தெருவுக்குச் சத்தம் எட்டாத யார்டின் மறுகோடியில் பழைய வழக்கப்படி உறுமவிட்டிருந்தார்கள். ரெயால் அதில் ஏறி மெல்ல உள்ளே கொண்டுவந்தான். மிரேய் நீலக் கொடியை மாட்டினாள். கொடி மாட்டினால் மாட்டியவர் எடுக்கும்வரை யாரும் இன்ஜினை அசைக்கக் கூடாது, மாமாவாக இருந்தாலும். கொடிக்கு இந்தப் பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்து ரெயால் உட்கார்ந்துகொண்டான். நானும் ஜானீனும் சட்டியோடு குழம்பைத் துணியில் சுற்றி எடுத்துப் போனோம். அவன் தொடவில்லை.

இன்ஜின் மெதுவாகச் சூடேற வேண்டும். அதற்கப்புறம் பதினாறு சிலிண்டருக்கும் வாய்த்திருகைத் திறந்து, கையால் இன்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்த வாயிலிருந்தாவது தண்ணீர் துப்பினால் அங்கே வெடிப்பு. மிரேய் சூடான தண்ணீரைக் குழாய் வழியாக இன்ஜினில் நிரப்பினாள். பிறகு நீண்ட கம்பியைச் செருகிச் சுற்றினாள்.

“ஒண்ணு. காய்ஞ்சிருக்கு.”

“ரெண்டு?”

“காய்ஞ்சிருக்கு. மாமா, நீ ஒவ்வொண்ணுக்கும் கேக்காத. நானே சொல்றேன்.”

“சரி.”

“மூணு.”

“மூணு என்ன?”

“ஐயோ, ஜானீன் அத்தை, இந்த மனுஷன் வாயில குழம்பை ஊத்து.”

ஒன்பதாவது வாயில் ஈரம் தெரிந்தது. மிரேய் விரலால் தொட்டு முகர்ந்தாள். எண்ணெய். பதினாறாவது முடிந்தபோது சன்னல் வழியாக வெயில் தாழ்ந்து மஞ்சளாக வந்துகொண்டிருந்தது. அவள் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, கொடியை எடுத்துச் சுருட்டி, கத்தியை உள்ளே தள்ளினாள். மணி அடித்தது. இரண்டு இருமல். எழுந்தது. ரெயால் அப்போதுதான் ஆறிய குழம்புச் சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

புதன்கிழமை காலை ஹாஸ்கெல் தன் டிரக்கில் வந்தார். உயரமான, ஒடுங்கிய மனிதர், எங்களைப்போல பிரெஞ்சு பேசாத இங்கிலீஷ்காரக் குடும்பம், பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு வார்த்தையையும் தட்டிப் பார்க்கிறவர். யார்டு ஆபீசில் ரெயாலை எழுதச் சொன்னார். என்ன செய்தாய், எந்த நேரத்தில் செய்தாய், கை எதனால் அங்கே போனது. எழுதியதைப் படித்தார். மறுபடி படித்தார். ‘இன்ஜின் தானாக அணைந்தது, அதனால் இழுத்தேன்’ என்ற வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டார். அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் போனில் பேசினார்.

அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. கிழங்கு வயல்களிலிருந்து பனியை வாரி வாரிச் சாலையில் கொட்டியது. நண்பகலுக்கு முன்பே நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.

“அவர் எங்க போவார்?” என்றாள் ஜானீன். “போய்க் கூட்டிட்டு வா.”

“வேலையை விட்டு எடுக்க வந்த ஆளை விருந்துக்குக் கூப்பிடறதா?”

“எடுக்கிறவனுக்கும் பசிக்கும்ல? போ.”

ஹாஸ்கெல் வந்து, பூட்சைக் கழற்றி, காலுறையோடு மேசையில் உட்கார்ந்தார். ஒரு காலுறையில் பெருவிரல் தெரிந்தது. ஜானீன் அதைப் பார்த்துவிட்டு ப்ளோய்த் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ப்ளோயைக் கவிழ்த்துப் போட்டு, வழவழப்பான அடிப்பக்கத்தில் வெண்ணெய் தடவினார்.

“கண்ணுள்ள பக்கம் மேல இருக்கணும்” என்றாள் மிரேய். “இல்லன்னா வெண்ணெய் எங்க போய் இறங்கும்?”

“மன்னிக்கணும்” என்று திருப்பிப் போட்டார். தின்றார். இன்னொன்று எடுத்துக்கொண்டார். எங்களில் யாரும் மெல்லவில்லை.

“தெற்கே ரெண்டு யார்டுலயும் இதே நீலங்கள்தான்” என்றார் கடைசியில். “போன வாரம் ஏரிக்கரை யார்டுல ஒண்ணு தண்ணியக் கொட்டிடுச்சு. மறுநாள் மில் யார்டுல ஒண்ணு. அது வெடிச்சே போச்சு. ரெண்டுக்கும் ஒரே ரிப்போர்ட். ‘தானா எழுந்திருக்கலை. பெட்டி கோளாறு.’ நேத்து வரைக்கும் என்ன பேச்சுன்னா, எல்லாத்தையும் வித்தவங்ககிட்டயே திருப்பி அனுப்பிடறதுன்னு. அனுப்பிட்டு, பழசை வெச்சே இழுக்கறது. பழசு இன்னும் ரெண்டு வருஷம்கூடத் தாங்காது. அப்பறம் லைனே இருக்காது.”

“எங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு” என்றாள் மிரேய்.

“தெரியும். இன்னிக்கு ரெண்டு டிரைவருக்கும் போன் பண்ணேன். என்ன கேக்கணும்னு இத்தனை நாள் எனக்குத் தெரியலை. இவன் எழுதினதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. ‘இன்ஜின் தானா அணைஞ்சப்போ நீ உள்ளே உக்காந்திருந்தியா?’ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?” என்றான் ரெயால்.

“ஒருத்தன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. இன்னொருத்தன், ‘ஐயோ, கத்தி’ன்னான்.”

ரெயால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானோ என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு கொஞ்சம் அழவும் செய்தான்.

“ரெண்டாவது தப்புன்னா வேலை இல்லைன்னு எழுதியிருக்கு” என்றார் ஹாஸ்கெல். “ஆனா அந்தக் கத்திக்கு ஒரு மூடி போட்டிருக்கணும். அதைப் பார்க்க வேண்டியது நான். அதையும் எழுதிட்டேன். உனக்கு முப்பது நாள். யார்டுப் பக்கம் கால் வைக்கக் கூடாது. சம்பளமில்லை. அப்பறம் வந்து உன் வண்டியை ஏத்திக்கோ.”

ஜானீன் சட்டென்று எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று ப்ளோய் வார்க்கிற நேரம் திரும்பவே இல்லை.

“மூடின்னா எப்படிப்பட்ட மூடி?” என்றாள் மிரேய்.

“தகரத்துல, நாலு திருகு வெச்சு…”

“திங்கக்கிழமையே போட்டாச்சு. நாலுக்கும். 502-ஐ உடைக்கப் போறோமில்ல, அதோட கதவை வெட்டிப் போட்டேன். மஞ்சளா இருக்கும். கண்ணுல குத்தற மஞ்சள்.”

ஹாஸ்கெல் முதல்முறையாக அவளை முழுசாகப் பார்த்தார். “தெற்கே எட்டு இன்ஜின் இருக்கு.”

“அனுப்புங்க. போடறேன். நான் அங்க வரமாட்டேன்.”

“இங்கதான் வரும். மில் யார்டுல வெடிச்ச இன்ஜினும் இங்கதான் வரும்.” வெண்ணெய்க்கத்தியைத் துடைத்து நேராக வைத்தார். “ஏப்ரலோட முடியற வேலை இல்லை இது. உன் பேர் எப்படி எழுதறது? சொல்றப்ப வராட்டியும் எழுதறப்ப ரெண்டு ‘எல்’லா?”

“ரெண்டு.”

வெளியே காற்று வீட்டைத் தூக்கிவிடுவதுபோல அடித்தது. சன்னலுக்கு அந்தப் பக்கம் வேலியே தெரியவில்லை. ரெயால் எழுந்து கதவுவரை போனான், திரும்பினான், மறுபடி போனான்.

“என்ன?” என்றாள் ஜானீன்.

“யார்டுல மூணாவது மட்டும்தான் நிக்குது. ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும். இந்தக் காத்துல ஒண்ணும் கேக்கலை. ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு…”

“முப்பது நாள் கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னவர் இங்கேயே உக்காந்திருக்கார்.”

“வேலி வரைக்கும்தான்.”

“வாயை மூடு” என்று அலமாரிக் கதவைத் திறந்தாள். தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வெறுமனே இருந்தன. நடுவில் துணி இல்லை. மேல்தட்டின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் எல்லோரும், ஹாஸ்கெல்கூட ப்ளோயைக் கையில் வைத்துக்கொண்டே, அந்த விரலைப் பார்த்தோம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தட்டுகள் மெல்லக் கிணுகிணுத்தன.

“எழுந்துடுச்சு” என்றாள். “உக்காந்து சாப்பிடு.”